சிக்னல் போனால் ட்ரோன் திரும்புவதா, நிற்பதா, இறங்குவதா?

ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு டிஜேஐ ட்ரோன்களில் மூன்று தெரிவுகள் உண்டு: ஹோம் பொயின்ற்றுக்கு (ட்ரோன் ஏறிய இடத்துக்கு) திரும்புவது, அந்தரத்தில் நிற்பது, அதே இடத்தில் இறங்குவது. வாங்கிய நாளில் இருந்தபடியே விட்டுவிட்டுப் பறக்கவிடுகிறவர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் அது சரிவராது. பண்ணைக் கடலுக்குப் பொருந்தும் செற்றிங், பனங்காணிக்குள் ட்ரோனை உடைத்துவிடும்.

திரும்புவது

எனக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் தெரிவு. ஆனால் உயரத்தை நாமே வைக்கவேண்டும். ட்ரோன் முதலில் குறித்த உயரத்துக்கு ஏறும், பிறகு நேர்கோட்டில் வரும். நீங்கள் சுற்றிப்போன கோபுரமோ போன் டவரோ அந்தக் கோட்டில் நிற்கலாம். முன்பு பல மாடல்கள் 30 மீற்றரோடுதான் வந்தன. நன்கு வளர்ந்த பனையே அந்த உயரத்தைத் தொடும். மினி 2 போன்றவற்றுக்குக் கீழே பார்க்கும் சென்சர் மட்டும்தான். முன்னால் பார்க்கும் சென்சர் உள்ளவையும் மெல்லிய வயரை நம்பகமாகக் காணாது, இருட்டில் இன்னும் மோசம். ஊருக்குள் நான் 60 மீற்றருக்குக் குறைய வைப்பதில்லை. பக்கத்தில் டவர் இருந்தால் அதற்கும் மேலே.

அப்படியென்றால் எங்கும் 100 வைத்துவிடலாமே என்று தோன்றும். மேலே போகப்போகக் காற்று பலக்கும். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வரும் ட்ரோனுக்கு 7 மீற்றர் எதிர்க்காற்று அடித்தால் மிஞ்சுவது 3. காற்றில்லாத நேரம் 100 செக்கனில் வரும் ஒரு கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம் பிடிக்கும். பற்றரி கடைசிக் கட்டத்துக்கு வந்தால் கீழே தண்ணீரா தரையா என்று பாராமல் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் தடையில்லாத கடலுக்கு மேல் உயரத்தைக் குறைத்தே வைக்கிறேன்.

திசையும் முக்கியம். தென்மேற்கிலிருந்து காற்று வீசும் சோழகக் காலத்தில் கோட்டைப் பக்கமிருந்து பண்ணைக் கடலுக்கு மேல் போனால், போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்றே தள்ளிவரும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழ்: போவது சுகம், வருவது பாடு. அப்போது பற்றரி பாதி ஆகுமுன்பே திருப்பிவிடுங்கள்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டங்களுக்கு நடுவே எந்தச் செற்றிங்கும் உதவாது. திரும்புவதற்கு ஏறும் ட்ரோன் நூல்களுக்குள்தான் ஏறும்.

நிற்பது

கல்யாண மண்டபத்துக்குள்ளும் மாமர நிழலுக்குக் கீழும் இதுதான் சரி. அங்கே திரும்பச் சொன்னால் கூரையிலோ கிளையிலோ முட்டும். நின்றால் நீங்கள் கிட்டப்போய்த் தொடர்பை மீட்கலாம். கடலுக்கு மேல் இதை வைக்கவே கூடாது: பற்றரி தீரும்வரை நின்றுவிட்டு அங்கேயே இறங்கும்.

இறங்குவது

அறுவடை முடிந்த வயல் போன்ற வெறும் வெளிக்கு மட்டும். திருவிழாக் கூட்டம் பக்கத்தில் இருந்தால் நினைத்தும் பார்க்காதீர்கள்.

சொந்தமாகக் கட்டிப் பறப்பவர்கள் இன்னும் கவனம். ட்ரோனை இயக்கும் மென்பொருளான பீற்றாஃபிளைற்றில், திரும்பிவரச் செய்யும் ஜி.பி.எஸ் ரெஸ்கியூவைத் தெரிவுசெய்யாமல் டிராப்பில் விட்டால் மோட்டார் நின்று அப்படியே விழும். ஆர்டுபைலட் என்ற இன்னொரு மென்பொருளில் ஸ்மார்ட் ஆர்.டி.எல் என்று ஒரு தெரிவு உண்டு. நேர்கோட்டில் வராமல் போன வழியாலேயே திரும்பும். பனங்கூடலுக்குள் அதைவிட நல்லது நான் அறியேன்.

எந்த இடத்துக்குத் திரும்பும்?

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு போகும் படகில் வைத்து ஏற்றினால், ட்ரோன் ஏறிய இடம்தான் ஹோம் பொயின்ற். படகு அதைவிட்டுப் போயிருக்கும், ட்ரோன் வெறும் தண்ணீருக்குத் திரும்பும். படகு நகர நகர ஹோம் பொயின்ற்றை ரிமோட் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு இடமில்லாத மாடலைப் படகில் ஏற்றாமல் விடுவதே மேல்.

அனுமதி எடுத்தபின், முற்றவெளி போன்ற திறந்த இடத்தில், ஆளில்லாத காலை வேளையில், சற்றுத் தள்ளி உயரத்தில் நிறுத்திவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். எவ்வளவு ஏறுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணால் கண்டபிறகு கடலுக்குக் கொண்டுபோங்கள்.