ஹட்டனில் லேபர் கேஸ் பார்க்கும் ஒரு மாடிக் கந்தோர்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற லோயர் கந்தோர் இது. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் 22 வருஷம் வாச்சர். தேயிலைத் தூள் மூட்டை ஒன்று குறைகிறதென்று துரை (தோட்ட மனேஜர்) வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சங்கத் தலைவர் "பேசிக்கிட்டு இருக்கோம்" என்றே நாலு மாதத்தை ஓட்டினார். இங்கே லோயர் மிஸ் முதலில் கேட்டது நிறுத்திய கடிதத்தின் திகதியைத்தான். ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு (லேபர் ட்ரிபியூனல்) போகவேண்டும், தாண்டினால் நம் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தும் பிரயோசனமில்லை என்றார். அந்த வாரமே விண்ணப்பம் போய்விட்டது.

2024 தொடக்கத்தில் நட்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லயத்தில் எல்லாருக்கும் டீயும் பணிஸும் கொடுத்தோம். ஒரு மாதம் முடியுமுன் தோட்டம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போட்டதும் அப்பா சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டார். மிஸ் உத்தரவை மேசையில் விரித்து, பென்சிலால் பந்தி பந்தியாகத் தொட்டு, சிங்களத்தில் வாசித்து தமிழில் சொன்னார். முதலாளி மேன்முறையீடு செய்வதென்றால் அந்த நட்டஈட்டுக் காசைப் பிணையாகக் கட்டியாக வேண்டுமாம், அதனால் காசு நம் கைக்கு வராவிட்டாலும் தோட்டத்தின் கையை விட்டுப் போய்விட்டது. அங்கே புதிதாகச் சாட்சி விசாரிப்பதில்லை, சட்டக் கேள்வி மட்டும்தான். ஆனால் சாட்சியமே இல்லாமல் எடுத்த முடிவென்றால் அதையும் சட்டக் கேள்வியாகவே பார்ப்பார்களாம். "ஐயா, உங்க சாட்சி நல்லா பதிவாகியிருக்கு" என்றதும் அப்பா முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த ஜூலையில்தான் தோட்டத் தொழிலாளருக்கு 1,700 ரூபா நாள் சம்பளம் என்ற வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கந்தோரில் எல்லாரும் அதையே கேட்டார்கள். இது தீர்ப்பில்லை, வழக்கு நடக்கும்வரை நிறுத்தி வைப்பது என்று கிளார்க் தம்பி சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் சொன்னான்.

சரி, குறைக்கு வருவோம். போன் எடுக்கவே மாட்டார்கள். வழக்குத் தவணை தள்ளிப்போனதைச் சொல்லாமல் மூன்று தடவை மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சும்மா திரும்பினோம், பஸ் காசும் போய் அம்மாவின் அன்றைய பேரும் (நாள் சம்பளம்) போய். தவணைக்குத் தவணை வாங்கும் காசுக்கு, கேட்டால்தான் ரசீது.

போன மாதம் மேன்முறையீடு தள்ளுபடியானது. கட்டிய காசை எடுக்கும் வேலையோடு சேவைக்காலப் பணத்துக்கும் (கிராஜுவிட்டி) மிஸ்ஸே கடிதம் எழுதினார், அது வேறு கணக்கு, 1983ஆம் வருஷச் சட்டம். திருட்டு உண்மையென்று தீர்ந்திருந்தால் அந்த நஷ்டத்தை அதிலும் கழித்திருப்பார்களாம்.

போகிறவர்கள் நிறுத்திய கடிதம், சம்பளத் துண்டு எல்லாம் கொண்டுபோங்கள். மழையென்றால் அந்தப் படிக்கட்டு வழுக்கும்.