ஓசூர் அலுவலகத்தில் 25 ஜிகாபிட் ஆர்.டி.எம்.ஏ அட்டைகள்: ஆறு மாத அனுபவம்

ஓசூரில் அலுமினிய வார்ப்பு அச்சுகளை வடிவமைக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், உருகிய உலோகம் அச்சுக்குள் எப்படிப் பாயும் என்பதை இரண்டு கணினிகளை இணைத்துக் கணித்துப் பார்க்கிறோம். அவற்றுக்காகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ஆர்.டி.எம்.ஏ வசதியுள்ள இரண்டு 25 ஜிகாபிட் நெட்வொர்க் அட்டைகளையும் ஒரு மீட்டர் செம்புக் கேபிளையும் வாங்கி, சுவிட்ச் இல்லாமல் நேரடியாக இணைத்தோம்.

இந்த அட்டையின் உண்மையான மதிப்பு 25 என்ற எண்ணில் இல்லை. கணினிகள் பேசிக்கொள்ளும் வழக்கமான டி.சி.பி முறையில் ஒவ்வொரு செய்தியும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வழியாகச் சென்று, வழியில் நகலெடுக்கப்பட்டு, இரு பக்கமும் பிராசசரின் நேரத்தைத் தின்கிறது. ஆர்.டி.எம்.ஏ (இன்னொரு கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகும்) முறையிலோ, முன்கூட்டியே பதிவு செய்து பூட்டி வைத்த நினைவகப் பகுதியிலிருந்து அட்டையே தரவை எடுத்து, எதிர்க் கணினியின் நினைவகத்தில் நேராக எழுதிவிடுகிறது. பெர்ஃப்டெஸ்ட் கருவியால் அளந்தபோது சிறு செய்திகளுக்கான தாமதம் 2 மைக்ரோசெகண்ட் அளவில் இருந்தது. அதே கேபிளில் டி.சி.பி 20 மைக்ரோசெகண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. எங்கள் கணக்கில் இரு கணினிகளும் ஒவ்வொரு படியிலும் எல்லை மதிப்புகளைச் சின்னச் சின்னச் செய்திகளாகப் பரிமாறிக்கொள்வதால், காலை ஒன்பது மணிக்கு நாங்கள் கதவைத் திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்த வேலை இப்போது விடிவதற்குள் முடிந்துவிடுகிறது.

முதல் வாரம் மட்டும் எந்த வேக மாற்றமும் தெரியவில்லை. நினைவகத்தைப் பூட்டும் வரம்பு லினக்ஸில் மிகக் குறைவாக இருந்ததால், இரு கணினிகளுக்கும் இடையே செய்திகளைப் பரிமாறும் மென்பொருளான எம்.பி.ஐ பழைய டி.சி.பி வழிக்கே திரும்பியிருந்தது. வரம்பை நீக்கிய பிறகே பலன் கிடைத்தது. ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொதியின் உச்ச அளவான எம்.டி.யுவை 1500 பைட்டிலிருந்து 9000ஆக உயர்த்தியதும் ஆர்.டி.எம்.ஏ பொதி 1024 பைட்டிலிருந்து 4096 பைட்டானது.

வெப்பம்தான் பெரிய குறை. சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த அட்டை என்பதால், சாதாரணப் பெட்டிக்குள் அதன் ஹீட் சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. எதிரே ஒரு 80 மி.மீ. விசிறியைப் பொருத்திய பிறகு அடங்கியது.

மூன்றாவது கணினியைச் சேர்க்கும் நாளில் சுவிட்ச் தேவைப்படும். ஈதர்நெட்டில் ஆர்.டி.எம்.ஏவை ஓட்டும் ரோசி வி2 (RoCE v2) முறை, தொலைந்த பொதியைத் தானே மறுபடி அனுப்பாத யு.டி.பி மீது ஓடுகிறது; இத்தகைய அட்டைகளில் ஒரு பொதி தொலைந்தால் அதற்குப் பின் சென்றவற்றையும் பெரும்பாலும் மறுபடி அனுப்ப நேர்வதால் வேகம் சட்டென்று சரியும். எனவே நெரிசலில் அனுப்புவதைச் சற்று நிறுத்தச் சொல்லும் பி.எஃப்.சி, நெரிசலை முன்கூட்டியே குறித்துக் காட்டும் ஈ.சி.என் இரண்டும் உள்ள சுவிட்சாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் விலை அட்டைகளின் விலையைத் தாண்டும்.

தருமபுரியில் ஸ்டூடியோ நடத்தும் நண்பர், வீடியோ கோப்புகளை நகலெடுக்க இதை வாங்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். அவருடைய சாட்டா எஸ்.எஸ்.டி நொடிக்கு 550 மெகாபைட்டுக்கு மேல் தராது. அதற்குச் சாதாரண 10 ஜிகாபிட் அட்டையே போதும்.