6.0 பவர் ஸ்ட்ரோக்: முதலில் ஆயில் கூலர், மற்றதெல்லாம் பிறகு

"2006 ஃபோர்ட் எஃப்-250, 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல், அடிமாட்டு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். விலை ஏன் விழுந்து கிடக்கிறது என்பது அமெரிக்காவில் டீசல் பிக்கப் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். நேவிஸ்டார் தயாரித்து, 2003 முதல் 2007 வரை ஃபோர்டின் சூப்பர் ட்யூட்டி (எஃப்-250 முதலான கனரகப் பிக்கப்) வண்டிகளில் வந்த, பழுதுக்குப் பேர்போன எஞ்சின் இது. ஃபோர்டுக்கும் நேவிஸ்டாருக்கும் இடையிலான வாரண்டிச் செலவுத் தகராறு 2007-இல் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கதை போதும். எதை முதலில் மாற்றுவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாங்கியவுடன் எல்லோரும் ஓடுவது ஹெட் ஸ்டட்டுக்கு, அதாவது ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் உறுதியான திருகாணிக்கு. இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போவது உண்மைதான். ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கே போல்ட், அதுவும் பக்கத்துச் சிலிண்டரோடு பங்கு போட்டுக்கொண்டு. இதற்கு முந்தைய 7.3 லிட்டர் எஞ்சினில் ஆறு இருந்தன. ஆனால் கேஸ்கெட் தானாகப் போவது குறைவு. அதைப் போகவைக்கும் பாகம் வேறு இடத்தில் இருக்கிறது.

எனக்குத் தீராத கோபம் அந்த ஆயில் கூலர் மேல்தான். கையகல அலுமினியத் தகடு அடுக்கு. உள்ளே மிக மெல்லிய வழிகளில் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். எஞ்சின் வார்ப்பில் தங்கிய மணலும், பழைய தங்க நிறக் கூலன்ட் அதிகச் சூட்டில் உதிர்க்கும் சிலிக்கேட் கூழும் இந்த வழிகளில்தான் போய் அடைக்கும். இதைத் தாண்டிப் போகும் கூலன்ட்தான் ஈ.ஜி.ஆர். கூலருக்கு (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது) போகிறது. இங்கே அடைத்தால் அங்கே வறட்சி. வறண்ட ஈ.ஜி.ஆர். கூலர் கொதித்து விரிசல் விடும், கூலன்ட் இன்டேக்கில் (காற்று உள்ளே போகும் வழி) இறங்கும், சிலிண்டர் அழுத்தம் எகிறும், போல்ட் இழுபடும், கேஸ்கெட் போகும். இவ்வளவுக்கும் காரணமான பாகத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இரண்டு ஹெட்டுக்கும் நடுப்பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் அடியில். அதைத் தொட வேண்டுமானால் மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும். மன்னிக்க முடியாத வடிவமைப்பு.

ஆகவே முதல் செலவு ஒரு மானிட்டர். ஓ.பி.டி. போர்ட்டில் (டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள சோதனைச் செருகி) செருகுவது, ஸ்கேன்கேஜ் போன்ற எதுவானாலும் சரி. டேஷ்போர்டில் உள்ள முள்ளை நம்பாதீர்கள். அது சிவப்புக்குப் போகும்போது காரியம் முடிந்திருக்கும். சுமை இல்லாமல், சமதளச் சாலையில், 60 மைல் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஆயில் சூட்டையும் கூலன்ட் சூட்டையும் பாருங்கள். ஆயில் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால் கூலர் அடைத்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வண்டியில் டிரெய்லர் இழுக்கக் கூடாது.

கூலர் மாற்றுவதிலும் வரிசை முக்கியம். முதலில் பழைய கூலரை வைத்தே சிஸ்டத்தைக் கழுவுங்கள். பிளாக்கின் இரு பக்க வடிகால் பிளக்கையும் திறந்து, துரு நீக்கும் ரசாயனம் விட்டு, பிறகு நீர் தெளியும் வரை அலச வேண்டும். கிளம்பும் மணல் பழைய கூலரோடு போய்விடும். புதியதைப் போட்டுவிட்டுக் கழுவினால் அதே மணல் புதியதில் ஏறும். சிஸ்டம் சுமார் 7 காலன் பிடிக்கும். அலசிய தண்ணீர் முழுவதும் வெளியே வராது. அதனால் தண்ணீர் கலந்தே வரும் முன்கலவையை வாங்காமல், சி.ஏ.டி. (கேட்டர்பில்லர்) ஈ.சி.-1 தரமுள்ள, நீண்ட நாள் உழைக்கும் ஈ.எல்.சி. கூலன்ட்டின் அடர்த்தியான வடிவத்தை 3.5 காலன் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ஹீட்டர் குழாயில் ஒரு கூலன்ட் ஃபில்டரும் சேர்த்துவிடுங்கள்.

மேலே எல்லாம் திறந்திருக்கும்போதே ஈ.ஜி.ஆர். கூலரையும் மாற்றுங்கள். 2004 நடுவுக்குப் பின் வந்த சதுரக் கூலர், அதற்கு முந்தைய உருளை வடிவத்தை விட எளிதில் வெடிக்கும். உறுதியான குழாய் வகைக் கூலர்கள் சந்தையில் இருக்கின்றன. "கழற்றி எறிந்துவிடு" என்பார்கள்; அது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்துக்குப் புறம்பானது, அவசியமும் இல்லை. அதே வேளையில் டர்போவைப் பிரித்து, கரியில் சிக்கும் யூனிசன் ரிங்கை (டர்போவின் இறகுகளை ஒன்றாகத் திருப்பும் வளையம்) சுத்தம் செய்துவிடலாம். டர்போவுக்குப் பின்னால், இன்ஜெக்டர்களுக்கு ஆயில் தள்ளும் ஹை பிரஷர் ஆயில் பம்பில் உள்ள எஸ்.டி.சி. இணைப்பும் (சொருகிப் பூட்டும் வகை) இப்போதுதான் கைக்கு எட்டும். 2004 கடைசி முதல் வந்த வண்டிகளில் அது விட்டுப்போகும் ஒன்று. மாற்றுக் கிட் இருக்கிறது, மறக்காதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இன்ஜெக்டர்களை இயக்கும் எஃப்.ஐ.சி.எம். பெட்டி 48 வோல்ட் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 45-க்குக் கீழே இறங்கினால் அதன் பவர் சப்ளை பழுது, அது இன்ஜெக்டர்களையும் கெடுக்கும். இந்தப் பெட்டியைச் சாகடிப்பது பெரும்பாலும் சோர்ந்த பேட்டரிதான். இரண்டு பேட்டரியும் இணையாக இருப்பதால் ஒன்றின் நோயை மற்றது மறைக்கும். தனித்தனியே கழற்றிச் சோதித்து, மாற்றினால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒவ்வொன்றும் 850 சி.சி.ஏ.-வுக்குக் (குளிரில் ஸ்டார்ட் செய்யும் மின்னோட்டத் திறன்) குறையக் கூடாது.

மலிவான மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது நீல ஸ்பிரிங். ஃபியூயல் ரெகுலேட்டரில் ஒரு ஸ்பிரிங், ஒரு கேஸ்கெட், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும். டீசல் அழுத்தம் 50-க்குப் பக்கத்திலிருந்து 60 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏறும். சுமையில் 45-க்குக் கீழே இறங்கினால் இன்ஜெக்டர் உள்ளேயே அடித்துக்கொண்டு சாகும். விலைக்கும் பலனுக்கும் இதை மிஞ்சும் பாகம் இந்த வண்டியில் இல்லை. ஆயில் 15 குவார்ட், 5,000 மைலுக்கு ஒருமுறை. ஆயில் ஃபில்டரும் மூடியும் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும். உயரமான வெளிச்சந்தை மூடி போட்டால் ஃபில்டர் கூட்டின் அடிவால்வு சரியாக மூடாமல் ஆயில் வடிகட்டப்படாமலே போகும்.

ஏ.ஆர்.பி. கம்பெனியின் ஹெட் ஸ்டட் கடைசியில்தான். கேஸ்கெட் போனால் போடுங்கள்: 210 அடி-பவுண்டு, அவர்களுடைய மசகு தடவி, படிப்படியாக. கேஸ்கெட் வாங்கும் முன் டவல் (ஹெட்டை இடத்தில் நிறுத்தும் முளை) 18 மி.மீ.-ஆ 20 மி.மீ.-ஆ என்று பார்த்துவிடுங்கள், இரண்டும் மாறிப் பொருந்தாது.

இதெல்லாம் முடித்த 6.0 அருமையான எஞ்சின். 570 பவுண்டு-அடி டார்க், மேட்டில் டிரெய்லரோடு மூச்சு வாங்காத டர்போ, நெடுஞ்சாலையில் சலிக்காத ஓட்டம். என் வண்டியை விற்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்குச் சொல்வது: வாங்காதீர்கள். இந்த வேலைகளைச் செய்த ரசீதுகளை விற்பவர் காட்டினால் மட்டும் யோசியுங்கள்.

மனம் கேட்காமல் போய்ப் பார்ப்பதானால், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கூலன்ட் பாட்டில் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு இருந்தால் திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் மானிட்டரைச் செருகி அரை மணி ஓட்டி, நிறுத்தி, கால் மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் கிளம்பாமல் சுற்றிக்கொண்டே இருந்து, ஐ.சி.பி. (இன்ஜெக்டர்களுக்குப் போகும் ஆயில் அழுத்தம்) 500 பி.எஸ்.ஐ.-யை எட்டாமல், ஐ.பி.ஆர். (அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) 85 சதவீதத்தில் நின்றால் உள்ளே உயர் அழுத்த ஆயில் கசிகிறது. கசிவது ஸ்டாண்ட்பைப், டம்மி பிளக் (இரண்டும் அந்த ஆயில் பாதையில் உள்ளவை) அல்லது அந்த எஸ்.டி.சி. இணைப்பாக இருக்கும். அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழிக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.