எந்த மாதத்துக்கு எந்தக் காடு? ஆப்பிரிக்க சஃபாரிப் பூங்காக்கள் ஓர் ஒப்பீடு

ஆப்பிரிக்க சஃபாரிக்குத் திட்டமிடுகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் பூங்காவின் பெயரை முடிவுசெய்துவிடுகிறார்கள். மசாய் மாராவா, குரூகரா என்று தீர்மானித்த பிறகு, விடுப்பு கிடைக்கும் மாதத்தை அதற்குள் எப்படியாவது பொருத்தப் பார்க்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. விடுப்பு நம் விருப்பப்படி அமைவதில்லை. பூங்காவை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்க முடியும். பிப்ரவரியில் லட்சக்கணக்கான விலங்குகள் மேயும் ஒரு சமவெளி, ஆகஸ்டில் வெறும் பொட்டலாகக் கிடக்கும். பெயர் அதே பெயர்தான், கட்டணமும் குறையாது. பார்க்கத்தான் எதுவும் இருக்காது.

"வறண்ட பருவத்தில் போங்கள், மழையில் போகாதீர்கள்" என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. மழை நின்று சில மாதங்களானால் புதர்கள் இலையுதிர்க்கும், புல் தாழும், குட்டைகள் வற்றும். எஞ்சியிருக்கும் சில நீர்நிலைகளுக்கு விலங்குகள் வந்தே ஆக வேண்டும். நாம் அங்கே காத்திருந்தால் போதும். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா ஆகிய நாடுகளின் பெரும்பாலான காடுகளுக்கு இது பொருந்தும். ஆனால் மழை பெய்தால்தான் புல் முளைக்கும் என்ற நிலங்களும் இருக்கின்றன. அங்கே விலங்குகள் மழையோடு வந்து மழையோடு போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நாம் போகும் மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்? புல் எங்கே பசுமையாக இருக்கும்?

பருவக் கணக்கையும் முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் இரண்டு மழைக்காலங்கள்: மார்ச் முதல் மே வரை நெடுமழை, நவம்பர், டிசம்பரில் குறுமழை. தெற்கே இறங்கினால் ஒரே மழைக்காலம், ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. அங்கே ஜூன், ஜூலை என்றால் குளிர்காலம். வறண்ட பருவம் என்றதும் வெயிலை எண்ணி மெல்லிய சட்டையோடு போய் இறங்குகிறவர்கள், விடியற்காலைத் திறந்த ஜீப்பில் பல் கிட்டி நடுங்குவார்கள்.

மாராவா, தெற்கு செரெங்கெட்டியா?

இரண்டும் ஒரே நிலத்தொடர்ச்சிதான். தான்சானியாவின் செரெங்கெட்டி சுமார் 14,760 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு வடக்கே கென்யாவிலுள்ள மசாய் மாரா ஏறக்குறைய 1,500. வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல், வரிக்குதிரைகளும் உடன்வர, இந்த நிலத்தில் ஆண்டு முழுவதும் புல்லைத் தேடிச் சுற்றுகின்றன. இந்த வட்டத்தில் மனிதர்கள் பெரிதும் விரும்பிப் பார்ப்பவை இரண்டு கட்டங்கள்.

முதலாவது, ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடப்பது. மற்ற இடங்கள் காய்ந்த பிறகும் வடக்குப் பகுதியில் அவ்வப்போது மழை விழுவதால் புல் மிஞ்சியிருக்கிறது. அதற்காகத்தான் ஆற்றில் இறங்குகின்றன. கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நிற்கும். முன்வரிசையில் நிற்பது தண்ணீர்வரை இறங்கி மோந்து பார்க்கும். எங்கோ ஒரு வரிக்குதிரை கனைத்தால் மொத்தக் கூட்டமும் புழுதி பறக்கப் பின்வாங்கும். மறுபடி கூடும், மறுபடி விலகும். மணிக்கணக்கில் இப்படியே போய், சட்டென்று ஒன்று பாயும். அதன்பின் கரையே உடைந்து சரிவதுபோல் எல்லாம் பாயும். அல்லது அந்தி சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காமல் கலைந்து போய்விடும். இதற்குக் கால அட்டவணை கிடையாது. இரண்டு நாள் தங்கலில் கட்டாயம் காட்டுவோம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்னொரு பக்கம், கரையெங்கும் வண்டிகள் முண்டியடிக்கும் பருவமும் இதுதான். 2024 முதல் மாராவில் வெளிநாட்டவருக்கான நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். அதே ஆற்றை, அதே மாதங்களில், செரெங்கெட்டியின் வடகோடியான கோகடெண்டேயிலிருந்தும் பார்க்கலாம். அங்கே நெரிசல் குறைவு.

இரண்டாவது கட்டம், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை தெற்கே இண்டுட்டு சமவெளியில் கன்று ஈனும் காலம். எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. சாம்பலுக்கு அடியில் இறுகிய பாறைபோன்ற அடுக்கு இருப்பதால் மரங்கள் வேரூன்றுவதில்லை. குட்டைப் புல் மட்டும் முளைக்கிறது, அதில் பாலூட்டும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைந்திருக்கின்றன. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறந்துவிடும். ஈரம் காயாத கன்று முன்னங்காலை மடக்கி எழ முயன்று விழும், மறுபடி எழும்; சில நிமிடங்களில் தாயின் விலாவை ஒட்டி ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே கழுதைப்புலிகளும் சிவிங்கிப்புலிகளும் அங்கே சுற்றுகின்றன. தொடுவானம்வரை மறைப்பே இல்லாததால் வேட்டையை முழுதாகக் கண்ணால் தொடர முடியும்.

இரண்டில் ஒன்று என்றால் நான் பிப்ரவரிக்குத்தான் வாக்களிப்பேன். ஆற்றைக் கடக்கும் காட்சி வாய்க்காவிட்டால் மாராப் பயணத்தின் மையமே கைநழுவிப் போகிறது. கன்று ஈனும் காலத்தில் எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஒரே ஆபத்து, மழை தவறினால் மந்தை வேறு பக்கம் நகர்ந்துவிடும் என்பது. ஜூனுக்குப் பிறகு இண்டுட்டுவுக்குப் போவதில் பயனில்லை. நிலையான நன்னீர் இல்லாத அந்தச் சமவெளி காலியாகிவிடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை: எடோஷாவும் ஒகவாங்கோவும்

இரண்டு இடத்திலும் வானம் ஒன்றுபோல் மேகமின்றித் தெளிந்திருக்கும். நிலத்தில் நடப்பதோ நேர் எதிர்.

நமீபியாவின் எடோஷாவில் அப்போது வறட்சி முற்றிக்கொண்டிருக்கும். 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளை உப்புப் படுகை. அதன் விளிம்பிலுள்ள ஊற்றுகளும் ஆழ்குழாய்க் குட்டைகளும் தவிர வேறு தண்ணீரில்லை. யானை, ஒரிக்ஸ் மான், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி என்று ஒரே குட்டைக்கு வரிசையாக வந்து போகும். ஒகாகுவேஜோ முகாமில் குட்டையைச் சுற்றித் தாழ்ந்த கல்சுவர், அதன் பின்னால் இருக்கைகள், இரவு முழுவதும் மங்கலான விளக்கு. அங்கே உட்கார்ந்திருந்தால் இருட்டிலிருந்து ஒரு கறுப்புக் காண்டாமிருகம் ஓசையில்லாமல் வெளிச்சத்துக்குள் வரும். தண்ணீரில் அதன் நிழல் முதலில் தெரியும். பிறகு அது உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்கும். வழிகாட்டி வேண்டாம், ஜீப் வேண்டாம். சரளைச் சாலைகளில் சாதாரண வாடகைக் காரே போதும் என்பதால் செலவும் நம் கட்டுக்குள் இருக்கும். மழை பெய்துவிட்டால் இதெல்லாம் தலைகீழ். எங்கும் தண்ணீர் நிற்கும்போது விலங்குகளுக்கு முகாம் குட்டை எதற்கு? நல்ல மழை ஆண்டில் படுகையில் பூநாரைகள் இறங்கும். அதற்காகப் போகிறவர்கள் போகலாம்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்று டெல்டாவில் அதே மாதங்களில் வெள்ளம் வந்துகொண்டிருக்கும். மழை பெய்தது அங்கோலாவின் மேட்டுநிலத்தில், பல மாதங்களுக்கு முன்பு. நிலத்தின் சரிவு மிகக் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து ஜூன், ஜூலையில்தான் டெல்டாவின் தென்கோடிவரை பரவுகிறது. உள்ளூரில் சொட்டு மழை கிடையாது, ஓடைகள் நிறைந்திருக்கும். மொகோரோ என்னும் ஒல்லியான ஓடத்தில் கழி ஊன்றிப் போகும்போது அல்லி இலைகள் தோளை ஒட்டி நகரும். இது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: தண்ணீர் ஏற ஏற ஜீப் ஓடும் நிலம் சுருங்குகிறது. சிங்கமும் சிறுத்தையும்தான் முதல் நோக்கம் என்றால், பதிவு செய்யும்போதே அந்த முகாமைச் சுற்றித் தரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். செலவும் எடோஷாவைப் போலப் பல மடங்கு. பல முகாம்களுக்குச் சிறு விமானத்தில்தான் போக வேண்டும்.

முதல்முறை போகிறவருக்கு எடோஷா. காடுகளை ஏற்கெனவே கொஞ்சம் பார்த்தவருக்கு ஒகவாங்கோ. யானைக்காக மட்டும் போகிறவர் இரண்டையும் விட்டுவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் போட்ஸ்வானாவின் வடக்கே சோபே ஆற்றங்கரைக்குப் போகலாம். 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் சுமார் 1,30,000 யானைகள். மாலையில் படகில் அமர்ந்தால் கூட்டம் கூட்டமாக ஆற்றில் இறங்குவதைப் பார்க்கலாம்.

அக்டோபர் வெயில்: லுவாங்வாவும் குரூகரும்

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா, நடந்தே காடு பார்க்கும் சஃபாரிக்குப் பேர்போனது. அங்கே போக மிகச் சிறந்த மாதமும் மிகக் கொடிய மாதமும் ஒன்றுதான். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆறு சுருங்கி, மிஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் முதுகோடு முதுகு உரசிக் கிடக்கும். ஆற்றங்கரை மண்சுவர்களில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் பொந்து குடைந்து கூடு கட்டியிருக்கும். வெயில் தாங்காதவர்கள் செப்டம்பர் முதல் பாதியில் போவதே நல்லது. காட்சியில் பெரிதாக எதுவும் குறையாது. மழை தொடங்கிவிட்டால் உள்காட்டு முகாம்கள் பெரும்பாலும் மூடிவிடும், வண்டித்தடங்கள் முழுகும்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் எந்த மாதத்திலும் கைவிடாத பூங்கா. தார்ச்சாலை, முகாம்கள், சொந்தமாக ஓட்டும் வசதி எல்லாம் ஆண்டு முழுவதும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை பார்வைக்கு எளிது. ஆனால் ஜூனில் வாயில்களை மாலை 5.30 மணிக்கே சாத்திவிடுவதால் ஒரு நாளில் சுற்றும் நேரம் குறைவு. நவம்பர், டிசம்பரில் புதர் அடர்ந்துவிடும், வெயிலும் புழுக்கமும் உண்டு. பதிலுக்கு இம்பாலா மான் குட்டிகளும் வலசைப் பறவைகளும் நிறைந்திருக்கும். மழை மாதங்களில் மலேரியா அபாயம் கூடுகிறது. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அதே நாட்டில் மலேரியா இல்லாத மடிக்வே, பிலானஸ்பெர்க், ஆடோ ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது.

மழை மாதங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே போக வேண்டியிருந்தால் பலரும் பயணத்தையே கைவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி அப்போதுதான் கண் விழிக்கிறது. வறண்ட மாதங்களில் விலங்குகள் எங்கே சிதறியிருக்கின்றன என்றே சொல்ல முடியாத நிலம். மழை விழுந்ததும் டிசெப்ஷன் பள்ளத்தாக்கின் பழைய ஆற்றுத்தடத்தில் இளம்புல் படர, ஸ்பிரிங்பாக் மான்களும் ஒரிக்ஸுகளும் குட்டிகளோடு இறங்குகின்றன. அவற்றின் பின்னால் கரும்பிடரிச் சிங்கங்கள். பிற்பகலில் கருமேகம் திரண்டு ஒரு பக்கம் மட்டும் வெயிலடிக்கும்போது கிடைக்கும் ஒளி, புழுதியும் காட்டுத்தீப் புகையும் மண்டிய செப்டம்பரில் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் நான்கு சக்கர இழுவை வண்டி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். தண்ணீர், எரிபொருள், உணவு எல்லாவற்றையும் நாமே சுமந்து செல்ல வேண்டும். சேற்றில் சிக்கினால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மிகச் சிக்கலானவை ஏப்ரலும் மேயும். மாராவின் மண் கரிசல். ஏப்ரல் மழையில் சக்கரம் அச்சுவரை புதைந்துவிடும். தான்சானியாவிலும் பல முகாம்கள் மூடியிருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டுமென்றால் இங்கோரோங்கோரோ எரிமலைக் கிண்ணம் ஓரளவு கைகொடுக்கும். சுமார் 260 சதுர கிலோமீட்டர் அடித்தளத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் உண்டு என்பதால் விலங்குகள் பெரும்பாலும் வெளியேறுவதில்லை. விளிம்பில் பனிமூட்டம், கீழே வழுக்கும் பாதை என்பதற்குத் தயாராக இருந்தால் போதும். தெற்கே போக முடிந்தால் ஏப்ரலுக்குக் குரூகர், மே மாதத்துக்கு எடோஷா. மே மாத எடோஷாவில் மழை ஓய்ந்திருக்கும், இரவுக் குளிர் இன்னும் உறையும் அளவுக்கு இறங்கியிருக்காது, சாலைகளில் கூட்டமும் சேர்ந்திருக்காது. குட்டைகளுக்கு விலங்குகள் வருவது ஆகஸ்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும்; எனவே ஒரே குட்டையில் நாள் முழுக்கக் காத்திருக்காமல், காலையில் இரண்டு மூன்று குட்டைகளைச் சுற்றிவிட்டு, இரவை ஒகாகுவேஜோவுக்கு ஒதுக்குங்கள்.