காக்பிட்டில் ஒரு பாகம் காணோம்: வாங்குவதா, நகலெடுப்பதா, நாமே செய்வதா?

பழைய பிளாஸ்டிக் விமான மாடல் கிட்டைப் பிரித்து, ஸ்ப்ரூக்களை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டங்களை) விளக்கத் தாளோடு ஒத்துப் பார்க்கும்போது சீட் இல்லை, கருவிப் பலகை இல்லை என்று தெரிந்தால் பலரும் உடனே இறங்குவது, ரெசினில் வார்த்துத் தனியாக விற்கும் காக்பிட் செட்டைத் தேடும் வேலையில்தான். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் அது தேவையே இல்லை என்பேன். ஒரு சீட்டுக்காக முழு காக்பிட்டையும் வாங்கி, நன்றாக இருக்கும் பாகங்களைத் தூக்கிப் போட்டு, அதற்கு இடம் செய்ய உடற்பகுதியின் உள்சுவரையும் சுரண்ட வேண்டி வரும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாடல் முடிந்த பிறகு அந்தப் பாகம் எவ்வளவு கண்ணில் படும்? 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) கேனப்பியை, அதாவது காக்பிட்டின் கண்ணாடி மூடியை, மூடி ஒட்டப் போகிறீர்கள் என்றால் வெளியிலிருந்து தெரிவது சீட்டின் தலைப்பகுதி, தோள் பட்டைகள், கருவிப் பலகையின் மேல் விளிம்பு, குறிபார்க்கும் கருவி, அவ்வளவுதான். கால் பெடலையும் தரையையும் டார்ச் அடித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதே விமானம் 1/32-இல், கேனப்பி திறந்த நிலையில் என்றால் கதையே வேறு, பக்கவாட்டுப் பலகையில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் தெரியும்.

தயாரிப்பாளரிடம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி, கிடைத்தால். தமியா, ரெவெல் போன்ற பெரிய நிறுவனங்களிடம் உதிரி பாகம் கேட்க வழி உண்டு. அதே அச்சில் வார்த்த பாகம் என்பதால் பொருந்துமா என்ற கவலையே இல்லை. ஆனால் கிட் இன்னும் உற்பத்தியில் இருக்க வேண்டும், காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். உற்பத்தி நின்றுபோன கிட் என்றால் ஒரே அச்சு வேறு பெட்டிகளில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஹாசெகாவா அச்சில் வந்த கிட்டுகளை ரெவெல் தன் பெட்டியில் விற்றிருக்கிறது, இத்தாலேரியின் 1/72 கிட்டுகள் சில தமியா பெட்டியிலும் வந்தன. பாதி கட்டிக் கைவிட்ட கிட் ஒன்று யாரிடமாவது இருந்தால் அதிலிருந்து சீட்டை மட்டும் பெயர்த்தெடுக்கலாம்.

அப்படி வேறு கிட்டிலிருந்து எடுக்கும்போது வகை மாறிவிடாமல் பார்க்க வேண்டும். மிக்-21 நல்ல உதாரணம். எஃப்-13 போன்ற ஆரம்ப வகைகளில் கேனப்பி முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கும், விமானி வெளியேறும்போது அந்தக் கேனப்பியே அவருக்குக் கவசமாகக் கூட வரும், சீட்டும் அதற்கேற்ற வடிவம். பின்னால் வந்த வகைகளில் கேனப்பி பக்கவாட்டில் திறக்கும், சீட்டும் கே.எம்-1 என்ற வேறு வகை. பெட்டியில் இரண்டுக்கும் மிக்-21 என்றுதான் போட்டிருக்கும், சீட்டை மாற்றி வைத்தால் விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ரெசினைப் பற்றி நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். நுணுக்கத்தில் கிட்டோடு வரும் பிளாஸ்டிக் பாகம் அதன் கிட்டேயே வர முடியாது. காக்பிட் தொட்டி மொத்தமும் காணோம், அல்லது 1/48-க்கு மேல் பெரிய அளவில் திறந்த கேனப்பி என்றால் நானும் ரெசின்தான் வாங்குவேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் கிட்டுக்கென்று செய்த செட், அதே அளவில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் கிட்டுக்கு அப்படியே பொருந்தாது. பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினில் பிடிக்காது, சூப்பர் குளூவோ எபாக்ஸியோதான். பாகத்தோடு சேர்ந்து வரும் வார்ப்புக் கட்டையை ரம்பத்தால் அறுத்தெடுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் முகக்கவசம் போட்டு, நனைத்தே தேய்க்க வேண்டும்.

இதில் எஜெக்‌ஷன் சீட் மட்டும் விதிவிலக்கு. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இந்த ஜெட் விமானச் சீட்டைக் கையால் செய்வது பெரும் பாடு, ரெசினில் அது தனியாகவே கிடைக்கும். ஏசஸ் 2 வகை எஃப்-15, எஃப்-16, ஏ-10 மூன்றிலும் உண்டு, கே-36 மிக்-29-க்கும் சு-27-க்கும் ஆகும். சீட் மட்டும் காணோமா, சீட்டை மட்டும் வாங்குங்கள்.

3டி பிரின்டிங்கில் வரும் பாகங்கள் இப்போது ரெசினோடு நேராகப் போட்டி போடுகின்றன. சீட் பெல்ட் சீட்டோடு சேர்ந்தே வருகிறது, அறுக்க வேண்டிய பெரிய கட்டை கிடையாது. பிரின்ட் ஆகும்போது பாகத்தைத் தாங்கி நின்ற குச்சிகளை வெட்டும்போதுதான் ஆபத்து, பாகம் சட்டென்று உடையக் கூடியது. பிரிக்கப் பார்க்காமல் குச்சி குச்சியாக நறுக்கினால் தப்பும். பிரின்ட் அடுக்குக் கோடுகள் தெரிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே படத்தில் உற்றுப் பார்த்துவிடுங்கள், வளைந்த பரப்பில் அதைத் தேய்த்துச் சரி செய்யப் போனால் பக்கத்தில் இருக்கும் நுணுக்கமும் சேர்ந்து போய்விடும்.

காணாமல் போனது கருவிப் பலகை மட்டும் என்றால் என் முதல் தேர்வு 3டி டீகால், அதாவது மேடு பள்ளத்தோடு அச்சான ஒட்டுப்படம். குவின்டா ஸ்டுடியோவும் எடுவார்டும் வெளியிடுகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பலகையின் வடிவத்துக்கு வெட்டி மேலே ஒட்டினால் போதும், டயல், சுவிட்ச் எல்லாம் நிறத்தோடும் மேடு பள்ளத்தோடும் வந்துவிடும். போட்டோ எட்ச், அதாவது அமிலத்தால் அரித்து வடிவம் எடுத்த மெல்லிய உலோகத் தகடு, இதற்கு அடுத்தபடிதான். பெடலுக்கும் பெல்ட்டுக்கும் அது அருமை, ஆனால் த்ராட்டில் பிடியும் ஸ்டிக்கும் தகட்டில் வந்தால் தட்டையாக நிற்கும், உருண்டையாக இருக்க வேண்டிய எதற்கும் அதை நம்ப வேண்டாம்.

நகலெடுப்பது பலரும் யோசிக்காத வழி. இரண்டு பேர் உட்காரும் விமானத்தில் ஒரு சீட் காணோம் என்றால் மற்றது கையிலேயே இருக்கிறதே! வெந்நீரில் இளகும் ப்ளூ ஸ்டஃப் போன்ற அச்சுப் பொருளை இருக்கும் சீட்டின் மேல் அழுத்தி, ஆறியதும் சீட்டை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் எபாக்ஸி பட்டியை (பிசைந்து வைத்தால் இறுகும் மாவு) அமுக்கினால் நகல் ரெடி. பின்பக்கத்தைக் கொஞ்சம் தேய்க்க வேண்டி வரும், அது எப்படியும் சுவரோடு ஒட்டி மறைந்துவிடும். நண்பரின் கிட்டிலிருந்து ஒரு பாகத்தை ஒரு மாலைக்கு இரவல் வாங்கியும் இதைச் செய்யலாம், அவருடைய பாகத்துக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வழி, நாமே செய்வது. இரண்டாம் உலகப் போர் காலத்து விமானங்களின் சீட் பெரும்பாலும் வாளி போன்ற எளிய வடிவம்தான். அச்சில் வரும் பிளாஸ்டிக் சீட்டின் சுவர் 1 மி.மீ. தடிமன் என்றால், 1/72-இல் அது நிஜத்தில் 72 மி.மீ. தடித்த சுவர்! 0.25 மி.மீ. தகட்டில் செய்தால் 18 மி.மீ. ஆகக் குறைகிறது. கையால் செய்த சீட் கிட் சீட்டைவிட நிஜமாகத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அளவுக்கும் பெரிதாக அலைய வேண்டாம், நிஜத்தில் 40 செ.மீ. அகலமுள்ள சீட் என்றால் 1/48-இல் சுமார் 8.3 மி.மீ., 1/72-இல் 5.6 மி.மீ. கிட்டோடு வந்த விமானி பொம்மையை உட்கார வைத்துப் பார்த்தால் சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும்.

ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். சீட்டின் வளைந்த முதுகுக்கு, தகட்டைத் தூரிகையின் கைப்பிடியில் சுற்றி டேப் போட்டு வெந்நீரில் முக்கி எடுத்தால் வளைவு அப்படியே நிற்கும். பக்கச் சுவர்களை ஒட்டி விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டினால் போதும். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கின் தலையில் வளையப் பிடி உண்டு, மெல்லிய செம்புக் கம்பியை ட்ரில் பிட்டில் ஒரு சுற்று சுற்றி வெட்டினால் அந்த வளையம் கிடைக்கும், சூப்பர் குளூவை ஊசி முனையில் தொட்டு வைத்துத் தடித்த கம்பியில் ஒட்டுங்கள். துப்பாக்கிப் பொத்தானுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் ஒரு பொட்டு, காய்ந்த பிறகு பெயின்ட். நிஜ விமானங்கள் பலவற்றில் இந்த சீட் செம்பழுப்பு நிறப் பிளாஸ்டிக் கலவையில் செய்தது, சுற்றியுள்ள காக்பிட் உட்சுவரின் பச்சைக்கு நடுவே அந்த நிறம் எடுப்பாகத் தெரியும்.

நேரமும் இல்லை, மனமும் இல்லை என்றால் விமானியை உட்கார வைத்துக் கேனப்பியை மூடுங்கள். அவர் உடம்பு சீட்டை மறைத்துவிடும், தலைப்பகுதியை மட்டும் ஒரு துண்டுத் தகட்டில் வெட்டி வைத்தால் போதும். இதில் ஒரு குறையும் இல்லை, பறக்கும் நிலையில் ஸ்டாண்டில் நிற்கும் மாடலுக்கு இதுதான் சரியும்கூட.

கேனப்பியே காணோம் என்றால் மட்டும் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். மெஸ்ஸர்ஷ்மிட் 109 போலத் தட்டைக் கண்ணாடிகளும் சட்டங்களும் கொண்டது என்றால் தெளிவான தகட்டை வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். எஃப்-16 போலக் குமிழ் என்றால் முயலவே வேண்டாம், வேக்யூம்ஃபார்ம் (சூடான தகட்டை அச்சின் மேல் உறிஞ்சி எடுத்த) கேனப்பி வாங்குங்கள். கிட் கண்ணாடியைவிட மெல்லியதாக இருப்பதால் திறந்து வைத்தால் அழகு, ஆனால் வெட்டுவதற்குப் புது பிளேடும் நிதானமும் வேண்டும், உள்ளே ஈரக் களிமண் நிரப்பி வெட்டினால் நசுங்காது. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசைதான், சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியை வெள்ளையாகப் பூக்க வைத்துவிடும். கேனப்பி கைக்கு வரும்வரை உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிடாதீர்கள். விளிம்பு எங்கே உட்காரும் என்று தெரிந்தால்தான் காக்பிட்டின் ஓரத்தை எவ்வளவு தேய்ப்பது, கருவிப் பலகையை எவ்வளவு கீழே இறக்குவது என்று முடிவு செய்ய முடியும்.