வால்கிரிண்ட்: ஆறு வருடப் பழக்கம், இரண்டு நாள் கோபம்

"புரோகிராம் எப்போதாவது கிராஷ் ஆகிறது, மெமரி கரப்ஷன் போலிருக்கிறது. வால்கிரிண்ட் போதுமா?" என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. மெமரித் தவறுகளைத் தேடும் அதே கருவியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தேன்.

(பெயரை 'கிரைண்ட்' என்று சொல்லக் கூடாது, 'கிரின்ட்' என்பதே சரி என்கிறது அதன் ஆவணம். ஓடும் அழகைப் பார்த்தால் அரைக்கிறது என்றுதான் சொல்ல வருகிறது.)

எங்கள் சர்வர் தினம் ஒருமுறை விழும். ஸ்டாக் ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) ஒரு நாள் மெமரி வாங்கும் மல்லாக்கைக் காட்டும், மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீயைக் காட்டும். ஹீப்பை, அதாவது அப்படி வாங்கும் மெமரி இருக்கும் பகுதியை, கெடுத்தது எங்கேயோ எப்போதோ நடந்திருக்கும். பிறகு மெமரி கேட்டு வந்த அப்பாவி ஃபங்ஷன் மாட்டிக்கொள்ளும். ரேம் கெட்டிருக்குமோ என்று மெம்டெஸ்ட்86+ போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. வேறு மெஷினிலும் அதே கிராஷ். ஆக, தப்பு எங்கள் கோடில்தான்.

வால்கிரிண்டில் மெமரியைச் சோதிக்கும் பகுதியான மெம்செக்கில் ஓட்டினேன். 20, 30 மடங்கு மெதுவாகும் என்பது தெரிந்ததுதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அதற்குள் போனதும் புரோகிராம் பரம சாதுவாகிவிடுவது! எத்தனை த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது ஓடவிடும். எங்கள் பிழையோ இரண்டு த்ரெட் மோதினால்தான் வரும். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: பிழைகள் 0. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பிறகு அட்ரஸ் சானிடைசர்: கம்பைல் செய்யும்போதே புரோகிராமுக்குள் மெமரிச் சோதனைகளைச் சேர்த்துவிடும் கருவி. ஒரு ஃப்ளாக் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். வேகம் பாதியானது, அவ்வளவுதான். நாற்பதே நிமிடத்தில் புரோகிராம் நின்று, மூன்று ஸ்டாக் ட்ரேஸைக் கக்கியது: தொட்டது யார், அதற்கு முன் ஃப்ரீ செய்தது யார், முதலில் வாங்கியது யார். ஒரு த்ரெட் மூடிவிட்ட இணைப்பின் எண்ணிக்கையை இன்னொரு த்ரெட் கூட்டிக்கொண்டிருந்தது. வெறும் 4 பைட். அந்த 4 பைட்டுக்குத்தான் மூன்று வாரம்!

நியாயமாகச் சொன்னால், மதிப்புப் போடாத மாறியைப் படிப்பதை சானிடைசர் கண்டுகொள்ளாது. மெம்செக் கண்டுபிடிக்கும், கேட்டால் அந்தக் குப்பை எங்கே பிறந்தது என்றும் சொல்லும். ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் உள் மாறிகள் இருக்கும் மெமரி) இருக்கும் அர்ரேயைத் தாண்டி எழுதினால் கதை தலைகீழ்: மெம்செக் கோட்டைவிடும், சானிடைசர் பிடிக்கும். ஆனால் சானிடைசருக்கு மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும், மெம்செக்குக்குக் கையில் இருக்கும், ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரியே போதும்.

நண்பருக்கு எழுதிவிட்டேன்: வால்கிரிண்டுக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் பழைய பாசத்துக்காக. த்ரெட் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நேற்று இன்னொரு புரோகிராம் விழுந்தது. அதில் சோர்ஸ் இல்லாத லைப்ரரி ஒன்று. இதை எழுதும்போது பக்கத்து ஜன்னலில் மெம்செக் மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் முதல் எச்சரிக்கை வந்திருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும்.