முழு உதவியா, பகுதி உதவியா: ஒரு தோட்டப்பள்ளியின் கூரைக் கணக்கு

ஆறு வருஷத்துக்கு முன், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்து முழு உதவி பெறும் பள்ளியாக மாறுவதா, பள்ளி வாரியத்தின் பொறுப்பிலேயே விட்டுப் பகுதி உதவிப் பள்ளியாக நீடிப்பதா என்பதுதான் பேச்சு. நான் அப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர். ஒப்படைக்கலாம் என்று கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன்.

“பகுதி உதவி என்றால் வாத்தியாருக்குப் பாதிச் சம்பளமா?” என்று அன்று ஒருவர் கேட்டார். இல்லை. ஆசிரியர் சம்பளம் இரண்டிலும் அரசாங்கத்துடையது. பாடத்திட்டம், இலவசப் பாடநூல், தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியம், பள்ளி திறக்கும்போது பிள்ளைக்குக் கிடைக்கும் 150 வெள்ளி (ரிங்கிட்), இதில் எதிலும் வேறுபாடு கிடையாது.

வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. படிக்கிற வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்திலேயே பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். நிர்வாகமும் தன் நிலத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தது. பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, கம்பெனி கைமாறியது, லயத்துச் சனம் பட்டணத்துக்குப் போனது. பள்ளி மட்டும் அடுத்தவன் நிலத்தில் நின்றது. அப்படி நிற்கிற கட்டடத்தைக் கட்டுவதும் பராமரிப்பதும் முதலில் வாரியத்தின் தலையில்தான் விழும். அரசாங்கம் உதவும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

அது என்ன பாடு என்பதற்கு எங்கள் மூன்றாம் வகுப்புக் கூரையே சாட்சி. உத்தரத்தில் கரையான். விரலால் அழுத்தினால் மரம் பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். மழை பெய்தால் ஜிங்குத் தகரத்தில் விழுந்த ஓட்டைக்குக் கீழே இரண்டு வாளி வைத்து, மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாடம் நடக்கும். மாற்ற 38,000 வெள்ளி என்றார் கொன்ட்ராக்டர். விருந்து வைத்தோம், பத்து வெள்ளி டிக்கெட். சாப்பாட்டுச் செலவு, மண்டப வாடகை போகக் கையில் நின்றது 11,400. ஒய்பி, அதாவது எங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதி, ஐயாயிரம் கொடுத்தார், கூடவே மாதிரிக் காசோலை பிடித்து ஒரு படம். மிச்சம் கோயில் கமிட்டியும் வெளியூரில் வேலை செய்யும் பழைய மாணவர்களும் தந்தது. பதினான்கு மாதம் ஆயிற்று. அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதற்குள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்த மாதங்களில் என் பெரியவள் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் படித்தாள். காற்றில் அங்கேயும் ஒரு புளோக்கின் கூரை போனது. எந்தப் பெற்றோரிடமும் யாரும் டிக்கெட் நீட்டவில்லை. அது அரசாங்கச் சொத்து, அரசாங்கம் சரிசெய்தது. என் மனம் மாறியது அங்கேதான்.

பட்ஜெட்டில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் பணம் ஒதுக்குகிறார்களே என்பீர்கள். 2019 பட்ஜெட்டில் 50 மில்லியன் வெள்ளி. ஐந்நூற்றுச் சொச்சம் பள்ளிக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு லட்சம்கூடத் தேறாது. அடுத்த வருஷம் எவ்வளவு வரும் என்று கூரைக்குத் தெரியாது, பொருளாளருக்கும் தெரியாது.

சரி, எதிர்த்தரப்பு. நிலத்தைக் கொடுத்தால் தமிழ்ப்பள்ளியே போய்விடும் என்று அன்று ஒரு பெரியவர் எழுந்து கத்தினார். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1961 கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தாய்மொழிப் பள்ளியை மலாய் வழித் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்திருந்தது. 1996 சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். அவர் சமாதானம் ஆகவில்லை. வாரியத்தின் கையில் மண்டபமும் வாடகை வருமானமும் இருக்கிற பட்டணத்துப் பள்ளிக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். அப்படிப்பட்ட பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை.

முழு உதவியிலும் குறை உண்டு. கொன்ட்ராக்டரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. போன வருஷம் வந்தவர் சுவருக்குச் சாயம் அடித்துவிட்டு, ஒழுகுகிற பீலியைத் தொடாமலே போய்விட்டார். கடிதம் எழுதிப் பல மாதம் காத்திருக்கிறோம். ஆனாலும் கடிதம் எழுதுவதும் கறிக்கு ஆடு பிடித்து டிக்கெட் விற்பதும் ஒரே வேலை இல்லை.

பிள்ளைகள் குறைவதற்கு மட்டும் இரண்டிலும் மருந்து இல்லை. எங்களிடம் 46 பேர். மானியம் தலைக்கணக்கு என்பதால் தலை குறையக் குறையக் காசும் குறைகிறது. நல்ல கூரையைப் பார்த்து நான்கு குடும்பம் திரும்பி வந்தது உண்மை. அது தொடருமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மாறலாம் என்று நினைக்கிற வாரியங்கள் கூட்டம் போடுவதற்கு முன் நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். எங்கள் பட்டாவில் முந்தைய கம்பெனியின் பெயர்தான் இருந்தது. அதைச் சரிசெய்து, பள்ளி நிலத்தைத் தனியாகப் பிரித்து அளக்கவே ஒன்றரை வருஷம் போயிற்று. அதற்கு ஆன அளவைச் செலவுக்கும் கடைசியாக ஒரு முறை டிக்கெட் விற்றோம்.